எடுத்தலும் கொள்ளலும்

ஒரு மொழியின் செல்வத்தைப் பெயர்ச்சொற்களைக்கொண்டு அளப்பவர் பலர். ஆயின், அதன் உயிர்ப்பை அறிய விரும்புவோர் வினைச்சொற்களையே நோக்குதல் வேண்டும். பெயர்ச்சொற்கள் வாணிகத்தோடும் அரசோடும் கடல் கடந்து வரும். வந்த இடத்தில் தங்கியும் விடும். அதனால் மொழிக்குப் பெருங்கேடு விளைவதில்லை. வினைச்சொல்லின் நிலை அவ்வாறானதன்று. பிறமொழி வினையொன்றின் பழக்கம் ஒரு மொழியினுள் நுழையுமாயின், சொல் மாறாமலேயே மொழியின் நடை மாறிவிடும். எழுத்தும் தமிழாக இருக்கும், சொல்லும் தமிழாக இருக்கும். சிந்தனையின் போக்கு மட்டும் பிறிதாக இருக்கும். ஆங்கிலத்தின் ‘டேக்’ என்னும் சிறு வினை, தமிழின் ‘எடு’ என்னும் வினையின்மேல் ஏறி அமர்ந்திருக்கும் நிலை இதற்குத் தக்க சான்றாகும்.

ஆங்கிலத்தில் பெரும்பொருள் சுமப்பவை சிறு வினைகளே. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் ‘டேக்’ என்னும் ஒரு சொல்லுக்கு 134 பொருள்கள் தரப்பட்டன. ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்னும் சொல் நானூற்றுக்கு மேற்பட்ட பொருள்களோடு மிக நீண்ட பதிவாக நின்றது. பின்னர் நிகழ்ந்த திருத்தப் பணியில் ‘ரன்’ என்னும் சொல் 645 பொருள்களோடு அதனை முந்தியது. மிகுதியாக வழங்கும் சொல் மிகுதியான பொருள்களைத் தாங்கும் என்பது இதனால் பெறப்படும்.

‘டேக்’ என்னும் சொல்லின் வரலாறு தமிழர்க்குப் பாடமாக அமையத்தக்கது. அது ஆங்கிலத்தின் பழஞ்சொல் அன்று. வடகடல் நாடுகளிலிருந்து படையோடும் குடியேற்றத்தோடும் வந்தவர்களின் மொழிச்சொல். அதற்கு முன்னர் ஆங்கிலேயர் வழங்கிய வினை ‘நிமன்’ என்பது. இன்றைய செருமானிய மொழியின் ‘நேமன்’ அதன் உறவுச்சொல். வந்த சொல் வளர்ந்தது. இருந்த சொல் மறைந்தது. ‘நிம்பிள்’, ‘நம்ப்’ என்னும் இரண்டு சொற்களில் மட்டும் பழைய வினையின் எச்சம் இன்று காணப்படுகிறது. பிற வினைகளை விழுங்கி வளரும் இயல்பு இச்சொல்லுக்குப் பிறந்த இடத்திலேயே வாய்த்தது எனலாம்.

இனி, ஜொகூர் மாநிலத்துத் தமிழ் மாணவன் ஒருவன் எழுதக்கூடிய ஒரு பத்தியைக் கற்பனையில் அமைத்து நோக்கலாம்: “நேற்று அப்பா லீவு எடுத்தார். நாங்கள் குளியல் எடுத்து, பேருந்து எடுத்து, ஜொகூர் பாருவுக்குச் சென்றோம். பயணம் இரண்டு மணி நேரம் எடுத்தது. அங்கே போட்டியில் பங்கு எடுத்தேன். தலைவலி வந்ததால் மருந்து எடுத்தேன். வீடு திரும்பியதும் ஓய்வு எடுத்தேன்.”

இப்பத்தியில் எழுத்துப்பிழை இல்லை, எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபு உண்டு, காலமும் பிறழவில்லை. சிவப்பு மையால் திருத்தும் ஆசிரியருக்குக் கோடிட இடமே இல்லாததுபோல் தோன்றும். எனினும், ஏழு இடங்களில் ‘எடு’ ஒன்றே நிற்கின்றது. அவ்வேழு இடங்களிலும் தமிழ்மரபு வேண்டுவன வேறு வினைகள். அப்பா விடுப்பில் இருந்தார், பிள்ளைகள் குளித்தனர், பேருந்தில் ஏறினர், பயணத்திற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது, மாணவன் போட்டியில் பங்கேற்றான், மருந்து உட்கொண்டான், வீடு திரும்பி இளைப்பாறினான். இரு, குளி, ஏறு, பிடி, ஏல், கொள், இளைப்பாறு என்னும் ஏழு வினைகள் இருந்த இடத்தில் ஒன்று மட்டுமே எஞ்சுகின்றது. இது பிழை அன்று, இழப்பு. பிழையைத் திருத்தலாம், இழப்பு கண்ணுக்குப் புலப்படுவதே அரிது.

பொருளுக்கேற்ற வினையைத் தேர்ந்து வழங்குதல் தமிழின் தொன்மையான நெறி. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், வேறு வேறு வினைக்குரிய பல பொருள்களை அடக்கிய பொதுச்சொல்லை அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் முடித்தல் கூடாது என விதிக்கின்றது. உணவு என்னும் பொதுச்சொல்லுள் உண்பனவும் தின்பனவும் பருகுவனவும் நக்குவனவும் அடங்கும். இசைக்கருவி என்பதனுள் கொட்டுவனவும் ஊதுவனவும் அடங்கும். ஆதலின், அவற்றைத் தொகுத்துக் கூறுங்கால் பொதுவினை வருதல் வேண்டும் என்பது விதியின் கருத்து. இவ்விதி தோன்றுதற்கு அடிப்படை யாது? சோற்றுக்கு ஒரு வினை, நீருக்கு ஒரு வினை, பறைக்கு ஒரு வினை, குழலுக்கு ஒரு வினை என வகுத்து வழங்கிய மக்களிடையேதான் இத்தகைய விதிக்குத் தேவை எழும். எல்லாவற்றுக்கும் ஒரே வினையை வழங்கும் மொழிக்கு இவ்விதி வேண்டுவதே இல்லை.

‘எடு’ என்பதும் வறிய சொல் அன்று. அதன் உள்ளீடு மேலெழுதல், மேலெழச் செய்தல் என்பதாம். பாம்பு படம் எடுக்கின்றது, பசி எடுக்கின்றது, மன்னன் படையெடுக்கின்றான், பக்தன் காவடி எடுக்கின்றான், அடியவர் கோயில் எடுக்கின்றனர், உயிர் பிறப்பு எடுக்கின்றது. குரலை உயர்த்தி ஒலித்தலை ‘எடுத்தல்’ என்றும் தாழ்த்தி ஒலித்தலைப் ‘படுத்தல்’ என்றும் நன்னூல் வழங்குகின்றது. சிலப்பதிகாரத்தில் ‘இந்திர விழவு ஊரெடுத்த காதை’ என ஒரு காதையே பெயர் பெற்றுள்ளது. ஆதலின் ‘விழா எடுத்தல்’ என்பதை ஆங்கில வழக்கு எனக் கருதி அடித்துத் திருத்தும் ஆசிரியர், பிழையை நீக்கும் முயற்சியில் மரபையே நீக்கியவர் ஆவார். ‘எடு’ வரும் இடமெல்லாம் ஐயுறுதல் அறிவுடைமை ஆகாது. மேலெழுதல் என்னும் உள்ளீட்டிலிருந்து கிளைத்த பொருளா, ஆங்கிலத் தொடரின் நிழலில் முளைத்த பொருளா எனப் பிரித்தறிதலே ஆசிரியர் கடமை.

ஆங்கிலத்தின் ‘டேக்’ பெரும்பாலும் தன்பால் வரச்செய்தலைக் குறிப்பது. அதற்குத் தமிழில் உரிய வினை ‘கொள்’ என்பதே. உட்கொள், மேற்கொள், கருத்திற்கொள், பெண்கொள் என அது விரியும். பிறர் தருவதை இசைந்து பெறுதற்கு ‘ஏல்’ உண்டு. பொறுப்பேற்றல், பதவியேற்றல், பங்கேற்றல் என்பன அதன் வழி வந்தவை. பற்றி நிறுத்துதற்குப் ‘பிடி’ உண்டு. இடம் பிடித்தல், நேரம் பிடித்தல், படம் பிடித்தல் என்பன அதன் ஆட்சி. மேலெழுவது எடுத்தல், உள்வருவது கொள்ளல், இசைந்து பெறுவது ஏற்றல், இறுகப் பற்றுவது பிடித்தல். இவ்வேறுபாட்டை அறிந்த மாணவன் நால்வகைச் செயலை நால்வகையாகக் காண்பான். அறியாதவனுக்கு அவை நான்கும் ஒன்றாகவே தோன்றும்.

வேறுபாடு மறையுமிடத்துப் பொருள் மயக்கம் தோன்றும். “மருந்து எடுத்தீர்களா?” என்று மருத்துவமனையில் ஒரு மூதாட்டியை வினவினால், அவர் ‘ஆம்’ என்பார். மருந்து கொடுக்குமிடத்தில் அதனை வாங்கிக்கொண்டார் என்பதா? விழுங்கினார் என்பதா? “அவர் கணிதம் எடுக்கிறார்” என்றால், கற்பிக்கிறார் என்பதா, கற்கிறார் என்பதா? “பேருந்தை எடுத்தான்” என்றால், தமிழ் வழக்கில் அவன் ஓட்டுநன். ஆங்கில வழக்கில் அவன் பயணி. பல பொருள் குறித்த ஒரு சொல்லை வினையும் சார்பும் இனமும் இடமும் கொண்டு தெளியலாம் என்பது நன்னூலார் காட்டும் வழி. வினையே மயங்கி நிற்கும்போது தெளிவிற்குரிய துணைகளுள் முதன்மையானது கைநழுவுகின்றது.

ஜொகூர்த் தமிழ் மாணவன் மும்மொழிச் சூழலில் வளர்பவன். வீட்டிலும் பள்ளியிலும் தமிழ், நாட்டின் மொழியாக மலாய், கடற்பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் பணிபுரியும் பெற்றோர் வழியாகவும் பாடத்தின் வழியாகவும் ஆங்கிலம் என மூன்றும் அவன் செவியில் விழுகின்றன. தமிழின் தளர்ச்சிக்கு மலாய்மொழியைக் காரணம் காட்டுவோர் உண்டு. இவ்வினையைப் பொறுத்தவரை உண்மை வேறு. மலாயில் ‘எடு’ என்பதற்கு நிகர் ‘அம்பில்’. போட்டியில் பங்கேற்பதை ‘அம்பில் பஹாகியான்’ என்பர். இது ஆங்கிலத் தொடரோடு ஒத்துச் செல்வது. ஆனால், பேருந்தில் செல்வதை அவர்கள் ‘நாயிக் பஸ்’, அதாவது பேருந்து ஏறுதல் என்றே சொல்கின்றனர். மருந்து உண்பது ‘மாக்கான் உபாட்’. மருந்தைப் பெற்றுக்கொள்வது ‘அம்பில் உபாட்’. நேரம் பிடிப்பதை ‘மாக்கான் மாசா’, நேரத்தை உண்ணுதல் என்பர். படம் பிடித்தலைப் பேச்சு வழக்கில் ‘தங்காப் காம்பார்’ என்பர். ‘தங்காப்’ என்பதும் பிடித்தலே. குளித்தலுக்கு ‘மண்டி’ என்னும் தனிவினை உண்டு. ‘மாக்கான் உபாட்’ என்று வினவினால், மூதாட்டியின் மருந்தில் தோன்றும் மயக்கம் மலாயில் தோன்றாது. அண்டை வீட்டாரின் மொழி இவ்விடத்தில் தமிழுக்குத் தோழமையாகவே நிற்கின்றது. மலாயை நன்கு கற்ற மாணவன் ‘நாயிக்’ என்பதை நினைந்து ‘ஏறு’ என எழுதக்கூடும். மும்மொழிச் சூழலைக் குறையாகக் கருதாது ஒப்பிட்டுக் கற்பிக்கும் வாய்ப்பாகக் கொள்ளுதல் நலம்.

பிறமொழிப் பெயர்ச்சொல் இம்மாற்றத்திற்கு வாயில் திறக்கின்றது என்பதும் கருதத்தக்கது. ‘விடுப்பு’ என்ற சொல் இருக்கும்போது ‘விடுப்பில் சென்றார்’ என்னும் தொடர் தானே வரும். ‘லீவு’ நுழைந்தபோது தன் துணைவினையையும் உடன் அழைத்து வந்தது. பின்னர், ‘லீவு’ என்பதை அகற்றி ‘விடுப்பு’ என மாற்றியவர்கள், அதனோடு வந்த ‘எடு’ என்பதை அப்படியே விட்டுவிட்டனர். பெயரைத் தூய்மை செய்து வினையை மறந்த தனித்தமிழ் முயற்சி பாதி முயற்சியே ஆகும்.

அகராதிகளுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, சொற்பொருளைச் சான்றோடு நிறுவிய பெரும்பணி. அதே பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியமும் போற்றத்தக்கது. எனினும், ஆங்கிலச் சொல்லுக்கு நேரே தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்தும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. வரிசையின் முதற்சொல்லை எடுத்துச் செல்லும் மாணவன் அதனையே எங்கும் வைப்பான். எந்தப் பெயரோடு எந்த வினை கூடும் என்பதே அவன் அறிய வேண்டுவது. 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களோடு பொருள் தந்து இக்குறையைப் பெரிதும் போக்கியது. இலங்கைத் தமிழ் வழக்குகளும் அதில் தனியே சுட்டப்பெற்றன. மலேசியத் தமிழரின் வழக்குகளும் அவ்வாறு முறையாகத் தொகுக்கப்படுதல் வேண்டும். 1888இல் ஜொகூர் பாருவில் மலாய்மொழிக்கென ஒரு கழகம் கண்டனர். இன்றைய டேவான் பஹாசா டான் புஸ்தாகா நிறுவனமும் 1956இல் அந்நகரிலேயே தொடங்கப்பெற்றது. அதன் பேரகராதி 1970இல் வெளிவந்தது. சொல்லைத் தொகுக்கும் பணி எத்தகைய உழைப்பை வேண்டும் என்பதை ஜொகூர்த் தமிழர் வேறெங்கும் சென்று அறிய வேண்டுவதில்லை.

வந்த வழக்கு அனைத்தையும் விலக்குதல் இயலாது, தேவையும் இல்லை. ‘நடவடிக்கை எடுத்தல்’ ஆங்கிலத் தொடரின் சாயல் உடையதாயினும் அரசு வழக்கிலும் இதழ்களிலும் வேரூன்றிவிட்டது. அதனால் எந்தத் தமிழ்வினையும் மறையவில்லை. இலங்கை இதழ்கள் ‘விபத்து இடம்பெற்றது’ என எழுதுகின்றன. இதுவும் ஆங்கிலச் சாயலே. ஆயின் அங்கு அது நிலைபெற்ற வழக்கு. பிற தமிழ்நிலத்தார் ‘நிகழ்ந்தது’ எனப் பழஞ்சொல்லையே ஆள்வது சிறப்பு. புதிய தொடர் புதிய கருத்தைச் சுட்டுமாயின் அதனை ஏற்கலாம். முன்பே உள்ள தனிவினையை அது வெளியேற்றுமாயின் விலக்கலாம். பொருள் மயக்கம் தருமாயின் கட்டாயம் விலக்குதல் வேண்டும். ‘குளியல் எடுத்தல்’ இரண்டாவது வகை; ‘மருந்து எடுத்தல்’ மூன்றாவது வகை.

வகுப்பறையில் இதற்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. மாணவர் கட்டுரையில் வரும் ‘எடு’ அனைத்தையும் அவர்களைக்கொண்டே கோடிடச் செய்து, ஒவ்வொன்றும் எதனை மேலெழச் செய்கின்றது என வினவலாம். காவடிக்கு விடை கிடைக்கும், குளியலுக்குக் கிடைக்காது. விடை கிடைக்காத இடத்தில் மாணவன் உரிய வினையைத் தானே தேடுவான். தேடும்போது பாட்டியின் பேச்சில் கேட்டதொரு சொல் நினைவுக்கு வரும். அவ்வாறு நினைவுக்கு வரும் சொல்லே நூலில் மனனம் செய்த சொல்லினும் நெடுநாள் நிற்கும்.

ஆங்கிலேயர் தம் பழைய ‘நிமன்’ மறைந்தபோது அதனை எவரும் எண்ணி வருந்தியதாகத் தோன்றவில்லை. ஒரு நாளில் மறைந்திருந்தால் கவனித்திருப்பர். அது தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து மறைந்தது. தமிழின் ஏறுதலும் ஏற்றலும் கொள்ளலும் பிடித்தலும் இன்னும் வழக்கில் உள்ளன. முதியோர் நாவிலும் நூல்களிலும் உயிரோடு உள்ளன. அவற்றை அடுத்த தலைமுறையின் எழுதுகோலில் சேர்க்கும் பொறுப்பு தமிழாசிரியருடையது. அப்பொறுப்பை அவர்கள் எடுத்தல் வேண்டா, ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.