வீட்டு அலுமாரிக்கு எந்த டைனோசர் புத்தகம்?

டைனோசர் புத்தகம் வாங்கும்போது அட்டைப் படத்தை விடுங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் உள்ள பதிப்பாண்டைப் பாருங்கள். புதைபடிவம் ஒன்று கிடைத்தாலே இத்துறையில் ஒரு விலங்கின் உருவம் மாறிவிடும். வெலோசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பதிந்திருந்த புடைப்புகளை 2007இல் கண்டார்கள். ஸ்பைனோசோரஸின் வால் துடுப்புப் போல அகன்றது என்பது 2020இல்தான் வெளிவந்தது. கடையில் நின்றபடியே இந்த இரண்டு படங்களையும் பார்த்தால் புத்தகத்தின் வயது தெரிந்துவிடும்.

பதுளையில் இத்தகைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு குறைவு. கொழும்பில் வழக்கமாக செப்டெம்பரில் நடக்கும் புத்தகக் கண்காட்சி, பாவித்த புத்தகக் கடை, வெளிநாட்டு உறவினர் ஆகியவையே நமக்கு வழி. அதனால் எதைக் கேட்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த நான்கைப் பற்றிச் சொல்கிறேன்.

டைனோசர்! (ஜோன் வூட்வர்ட், டி.கே., 2014, இரண்டாம் பதிப்பு 2019): பக்கம் நிறையக் கணினிப் படங்கள், சுற்றிலும் சிறு குறிப்புகள். ஏழெட்டு வயதுப் பிள்ளையை உடனே பிடித்து உட்கார வைக்கும். 2019 பதிப்பு என்பதால் ஸ்பைனோசோரஸின் புதிய வாலை எதிர்பார்க்க முடியாது. பளபளப்பான தாள், மார்கழி, தை மழையில் ஈரம் பட்டால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். லயத்து வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

டைனோசோரியம் (லிலி மரே, ஓவியம் கிறிஸ் வோர்மெல், 2017): பழைய செதுக்கோவியச் சாயலில் பெரிய தாளில் வரைந்த படங்கள். அழகில் நான்கில் இதுவே முதல். தகவல் குறைவு; சாதாரண அலுமாரித் தட்டில் அடங்காது.

டைனோசோர்ஸ் (தோமஸ் ஹோல்ட்ஸ், ஓவியம் லூயிஸ் ரே, 2007): விஞ்ஞானிகள் ஒரு முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று பொறுமையாக விளக்குகிறது. கடைசியில் அன்றுவரை பெயரிடப்பட்ட பேரினங்களின் நீண்ட பட்டியல். வாசிப்பு அதிகம். பாவித்த பிரதி கிடைத்தால் விடாதீர்கள்.

பிரின்ஸ்டன் கள வழிகாட்டி (கிரெகரி போல், 2010, 2016, 2024): கறுப்பு உடல் வரைவுக்குள் வெள்ளை எலும்புகள், ஒரு பின்னங்காலால் நிலத்தை உந்தி ஓடும் நிலை. எலும்பு எது, ஓவியர் சேர்த்த சதை எது என்று பிள்ளையே பிரித்துக் காட்டும். பக்கத்தில் நீளமும் எடையும். ஆங்கிலம் கடினம், படம் அதை ஈடுசெய்கிறது.

இந்தப் பிரிப்பைத்தான் நான் முதல் தகுதியாக வைக்கிறேன். சைனோசோரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாக வரி இருந்ததை 2010இல் இறகுத் துகள்களிலிருந்து கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான டைனோசர்களின் நிறமோ ஓவியரின் ஊகம். அதை ஊகம் என்று சொல்லும் புத்தகமே பிள்ளைக்கு அறிவியலைக் கற்றுக்கொடுக்கும்.

"நம்ம தோட்டத்துல தோண்டினா எலும்பு கெடைக்குமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கிடைக்காது. ஊவா மலைகளின் பாறை சுமார் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. டைனோசர்கள் தோன்றியது சுமார் 230 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கிடைத்த நீர்யானை, காண்டாமிருக எலும்புகளும் டைனோசர் காலத்துக்கு மிகப் பிந்தியவை.

ஆனால் நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த பழைய திருச்சி ஜில்லாவில், இன்றைய அரியலூரின் கல்லமேட்டில், புருகத்காயோசோரஸின் எலும்புகள் கிடைத்தன, 1987இல் பெயரிட்டார்கள். அந்த எலும்புகள் பின்னர் சிதைந்து போயின. குஜராத்தின் ராஜாசோரஸ் 2003இல் பெயர் பெற்றது. தாகூரின் பெயர் தாங்கிய பாராபாசோரஸின் எலும்புக்கூடு கொல்கத்தாவில் நிற்கிறது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பின்னட்டவணையில் இந்தப் பெயர்களைத் தேடுங்கள்.

என் தீர்ப்பு: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு டி.கே. இரண்டாம் பதிப்பு. பத்துப் பன்னிரண்டு வயதானால், ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கிரெகரி போலின் 2024 பதிப்பு. விலை கூடுதல்தான், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கித் தோட்டத்து வாசிகசாலையில் வையுங்கள். ஒவ்வொரு பெயரின் அருகிலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிவிடுங்கள். தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய உதவி.