ஆபுத்திரன் இறங்கிய கரையில்: தீவகத்து வகுப்பறையும் சிறுவர் மாயநாவலும்

மணிமேகலையில் கப்பலைத் தவறவிட்ட ஒருவனின் கதை வருகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு ஆபுத்திரன் பஞ்சத்தில் வாடும் சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். காற்று சீறியதால் கப்பல் மணிபல்லவத்தில் ஒதுங்க, அவன் கரையிறங்குகிறான். அவன் திரும்பி ஏறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு மற்றவர்கள் இரவிலேயே பாய்விரித்துப் போய்விடுகிறார்கள். தீவில் ஆளில்லை. ஊருக்கே சோறிடக்கூடிய பாத்திரம் கையில் இருக்கிறது, வாங்கி உண்ண ஒருவரும் இல்லை. ஆண்டுக்கு ஒரு நாள் மேலெழுந்து வா என்று வேண்டி அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, தானும் உண்ணாமல் உயிர்விடுகிறான்.

மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள நயினாதீவே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். மாற்றுக் கருத்தும் உண்டு. எந்த முடிவுக்கு வந்தாலும், குறிகாட்டுவான் இறங்குதுறையில் கடைசிப் படகுக்கு ஓடியிருக்கும் ஒரு தீவுப் பிள்ளைக்கு ஆபுத்திரனின் நிலையை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. சிறுவருக்கான மாயநாவல்களை வகுப்பறையில் எப்படிக் கையாளுவது என்று உலகெங்கும் ஆசிரியர்கள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைத் தீவகத்துக்குக் கொண்டுவந்தால் எங்கிருந்து தொடங்கலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எங்கள் கரையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் துணிபு.

எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கென மேற்குலகில் வளர்ந்த மாயநாவலுக்கு நீண்ட வரலாறு உண்டு. சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசை 1950இல் தொடங்கியது. ஹாரி பொட்டர் 1997இல் வந்தது. தீவகத்துக்கு மிக நெருக்கமானது அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ வரிசையின் முதல் நாவல். அதன் உலகம் முழுவதுமே தீவுக்கூட்டம். ஆடு மேய்த்த சிறுவன் ஒருவன் வேறொரு தீவிலுள்ள மந்திரப் பள்ளிக்குப் படிக்கப் போகிறான். அங்கே செருக்கினால் தானே ஏவிவிட்ட நிழலைப் பின்னர் சிறு படகில் கடல்கடலாகத் துரத்துகிறான். காற்றும் நீரோட்டமும் அந்த நாவலில் பாத்திரங்களுக்குச் சமமானவை. படிப்புக்காகத் தீவைவிட்டுப் போகும் பிள்ளையின் தனிமையை அதைவிட நன்றாகச் சொன்ன சிறுவர் நூலை நான் அறியேன். அது நல்ல தமிழில், ஈழத்துக் கடற்சொற்களோடு வரவேண்டும்.

தமிழிலும் வெறுமை இல்லை. ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ தினமணியின் சிறுவர் பக்கங்களில் தொடராக வந்து நூலானது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பெரியவர்களிடம் சொல்ல முடியாத தொல்லை ஒன்றை அதிலுள்ள சிறுமி பேசும் மரப்பாச்சியிடம் சொல்கிறாள். ஒரு பாடவேளை முழுக்க அறிவுரை சொன்னாலும் திறக்காத வாய் அந்தப் பொம்மையின் முன் திறக்கிறது. வகுப்பறையில் மாயக்கதைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நூலையே காட்டுவேன். கீழடி மண்ணிலிருந்து சங்ககாலத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் அதே விருதைப் பெற்றது.

ஈழத்தில் நிலைமை வேறு. ஈழத் தமிழ் நாவலின் தொடக்க நூல்களில் ஒன்றான ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் கரடியிடம் வளரும் பழைய ஐரோப்பிய வீரக்கதையைத் தழுவியது அது. எங்கள் நாவல் வரலாற்றின் வாசலிலேயே மாயம் நின்றிருக்கிறது. பிறகு பெரியவர்களுக்கான எழுத்து யதார்த்தத்தின் பக்கம் போனது. சிறுவருக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாடல்கள் கிடைத்தன, குழந்தை ம. சண்முகலிங்கத்தின் சிறுவர் அரங்கம் கிடைத்தது. இரண்டும் பெரும் செல்வம். ஆனால் ஒரு பிள்ளை ஒரு மாதம் முழுக்கக் கூடவே வாழக்கூடிய நீண்ட கதை மிகக் குறைவாகவே எழுதப்பட்டது.

எழுதுவதற்கான பொருளோ காலடியிலேயே கிடக்கிறது. நெடுந்தீவில் முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன. பெருக்குமரம் நிற்கிறது, வளர்வதாகச் சொல்லப்படும் கல் இருக்கிறது. வெடியரசன் கோட்டை என்று மக்கள் காட்டும் இடிபாடு இருக்கிறது. கண்ணகியின் சிலம்புக்கு நாகரத்தினம் தேடிவந்த மீகாமனோடு வெடியரசன் கடலில் பொருதிய கதை அதனோடு சேர்ந்தது. நயினாதீவுக் கடலில் பாம்புக்கும் கருடனுக்கும் கல் உண்டு. அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திய நாகத்தைக் கருடன் மறித்த கதையைப் பிள்ளைகள் படகிலேயே கேட்டு வளர்கிறார்கள். ஊர்காவற்றுறைப் பிள்ளைக்கு நீர் நடுவே நிற்கும் கோட்டை அன்றாடக் காட்சி. கடற்கோட்டை என்று சொன்னதும் அது கண்ணில் வந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக மணிமேகலை இருக்கிறது. அதைப் பெரும்பாலும் துறவு நூலாகவும் சமய வாத நூலாகவுமே படிப்பிக்கிறோம். பிள்ளையின் கண்ணால் கதையை மட்டும் பாருங்கள். அரசகுமாரன் ஒருவன் துரத்த, ஒரு சிறுமி உவவனத்துக்குள் ஒளிகிறாள். கடல் தெய்வம் அவளை உறக்கத்திலேயே தூக்கிக்கொண்டு முப்பது யோசனை தெற்கே பறக்கிறது. கண்விழிக்கும்போது முன்பின் தெரியாத தீவு. புத்தரின் ஆசனமான பீடிகை ஒன்று அவளுக்கு முற்பிறப்பைக் காட்டுகிறது. வேற்றுருக் கொள்ளவும், வானில் செல்லவும், பசி தாங்கவும் மூன்று மந்திரங்கள் அவளுக்குக் கிடைக்கின்றன. பிறகு வைகாசி முழுநிலவு நாளில் பொய்கையிலிருந்து பாத்திரம் எழுந்து வருகிறது. மாயநாவல் எழுதுவோர் வேண்டும் பொருள் அத்தனையும் இதில் உள்ளது. அந்தப் பாத்திரத்தால் அவள் செய்வதோ பசித்தவருக்குச் சோறிடுவது. போரில் வென்று முடிசூடும் நாயகர்கள் நிறைந்த இந்த வகை இலக்கியத்தில் இப்படியொரு நாயகி அரிது.

பீடிகைக் கதையை ஆசிரியர்கள் தவிர்க்கக் கூடாது என்பது என் எண்ணம். இரண்டு நாக மன்னர்கள் அந்த ஆசனத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து தீர்க்கிறார். மகாவம்சமும் நாகதீபத்தில் நடந்ததாக இதையொத்த கதையைச் சொல்கிறது. நயினாதீவு என்ற ஒரே சிறு தீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நிற்கின்றன. இருவேறு மொழி பேசும் யாத்திரிகர்கள் ஒரே படகில் வருகிறார்கள். ஓர் ஆசனம், இரண்டு உரிமைக்காரர். இதை அரசியல் பாடமாக எடுத்தால் பிள்ளைகள் வீட்டில் கேட்டதையே ஒப்பிப்பார்கள். கதையாக எடுத்தால் இரு நாகர் பக்கமும் நின்று பேசிப் பார்ப்பார்கள்.

ஆபுத்திரனிடம் திரும்புகிறேன், ஏனென்றால் தீவக வகுப்பறைக்குரிய கேள்வி அவனிடம்தான் இருக்கிறது. 1990இல் மீண்டும் மூண்ட போரில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். பலர் திரும்பவில்லை. கூரை போன வீடுகளையும் ஆளில்லாத வளவுகளையும் கடந்துதான் இன்றும் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். எல்லோருக்கும் சோறிடும் பாத்திரம் ஆளில்லாத தீவில் எதற்கு? அவன் அதைப் பொய்கையில் விட்டது சரியா? அவனைத் தேடி யாரும் ஏன் திரும்பி வரவில்லை? இவை பரீட்சைக் கேள்விகள் அல்ல. ஆனால் தங்கள் ஊரைப் பற்றிப் பிள்ளைகள் பேசத் தொடங்க இவை போதும். 1985 மே 15 அன்று நெடுந்தீவுக் கடலில் குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்டதை அவர்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். அதை நேரே கிளறுவது ஆசிரியரின் வேலையாகாது. பிள்ளை தானாக எடுத்தால் பதறாமல் கேட்பது அவருடைய வேலை.

முறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரித்தானியச் சிறுவர் எழுத்தாளரும் ஆசிரியருமான எய்டன் சேம்பர்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில் எளிய வழியொன்றைத் தந்தார். கதையில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது குழப்பியது, எவை ஒன்றோடொன்று சேர்ந்து வந்தன என்று முதலில் கேட்கச் சொன்னார். முதல் வாரத்தில் ஆசிரியர் உரத்து வாசிக்கட்டும். பிறகு பிள்ளைகள் முறைவைத்து வாசிக்கட்டும். அரும்பதமும் வினாவிடையும் கடைசி அத்தியாயம் வரை காத்திருக்கட்டும். நாவலின் தீவுக்கு வரைபடம் கீறுவது நல்ல பயிற்சி. அதன் பக்கத்தில் தங்கள் தீவையும் கீறி, நெடுந்தீவின் மாவிலித்துறையிலிருந்து கதை எங்கே போகும் என்று எழுதவைப்பது அதைவிட நல்லது.

நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். தரம் 5இல் புலமைப்பரிசில், தரம் 11இல் சாதாரண தரம். கடல் கொந்தளித்தால் ஆசிரியரே வந்துசேர முடியாது. ஆயினும் தரம் 6 முதல் 8 வரை பொதுப் பரீட்சை இல்லாத மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு நாவலை முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை வகுப்பாகச் சேர்ந்து வாசிக்க அதைவிடப் பொருத்தமான காலம் பள்ளி வாழ்வில் வராது. தீவக வகுப்புகள் பலவும் சிறியவை. குறையாகப் பேசப்படும் இந்தச் சிறுமை இங்கே வரமாகும். எல்லோரும் பேச நேரம் கிடைக்கும்.

டொரன்டோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து ஊர்ப் பள்ளிகளுக்கு உதவும் பழைய மாணவர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். நூலகத்துக்கு நூறு வேறுவேறு புத்தகங்களை அனுப்பும்போது, ஒரே சிறுவர் நாவலின் இருபது பிரதிகளையும் சேர்த்து அனுப்புங்கள். எழுதத் தெரிந்த தீவகத்தாரிடம் இன்னொன்று கேட்கிறேன்: பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே வாசிக்கக்கூடிய உரைநடையில், எங்கள் பேச்சின் வாடையோடு, மணிபல்லவத்துக் கதையை ஒரு நாவலாக எழுதித் தாருங்கள்.