வானொளியும் விளக்கொளியும்: யூசுஃப் கார்ஷின் உருவப்படங்களில் ஜான் காரோவின் பாடம்

மாணவர் ஒருவர் தாம் போற்றும் ஒளிப்படக் கலைஞரின் பாணியைப் பின்பற்றி ஸ்டூடியோ உருவப்படங்களை எடுத்துக் காட்டுவது ஒளிப்படக் கல்வியில் நெடுங்காலமாக நிலவிவரும் பயிற்சி. அதனை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒப்புமையையே அளவுகோலாகக் கொள்கின்றனர். பின்திரை இருண்டிருக்கிறதா, விளக்கு உரிய கோணத்தில் விழுந்திருக்கிறதா, கன்னத்து நிழல் மூலப்படத்தின் நிழலை ஒத்திருக்கிறதா என்று பார்க்கின்றனர். பாணி என்பது கண்ணுக்குப் புலனாகும் கூறுகளின் தொகுப்பு என்னும் கருத்து இம்மதிப்பீட்டின் அடியில் உள்ளது. யூசுஃப் கார்ஷ் தம் ஆசிரியர் ஜான் காரோவிடம் பெற்றது எது என ஆராயும்போது இக்கருத்து நிலைகொள்ள இயலாமற் போகிறது. கார்ஷின் புகழ்பெற்ற படங்களில் காரோவின் படங்களைப் போலத் தோன்றுவன மிகச் சிலவே. ஆயினும் காரோவின் பயிற்சி இன்றி அவை உருவாகியிருக்கும் என்று கருதுவதற்கில்லை.

கார்ஷ் 1908இல் உதுமானியப் பேரரசின் மார்தின் நகரில் ஆர்மீனியக் குடும்பமொன்றில் பிறந்தார். இனப்படுகொலையின் கொடுமைகளுக்கிடையே வளர்ந்த அவருடைய குடும்பம் 1922இல் சிரியாவின் அலெப்போவுக்குத் தப்பிச் சென்றது. பதின்பருவத்திலேயே அவர் தனியாகக் கடல்கடந்து, கனடாவின் ஷெர்புரூக் நகரில் ஒளிப்பட நிலையம் நடத்திவந்த தாய்மாமன் ஜார்ஜ் நக்காஷிடம் சேர்ந்தார். மருத்துவம் பயில விரும்பிய அவரிடம் வேறொரு திறனைக் கண்ட மாமன், 1928இல் பாஸ்டனில் புகழுடன் விளங்கிய காரோவிடம் அனுப்பிவைத்தார். காரோவும் ஆர்மீனியரே. சில மாதப் பயிற்சியாகத் தொடங்கியது ஏறத்தாழ மூன்றாண்டுகள் நீண்டது.

காரோவின் ஸ்டூடியோவில் மின்விளக்கு கொண்டு படமெடுக்கும் வழக்கம் இல்லை. மேற்கூரைச் சாளரத்தின் வழியாக இறங்கும் பகலொளி ஒன்றே அவருடைய கருவி. இது வெறும் தொழில்நுட்பச் செய்தியாகக் கடந்துவிடத் தக்கதன்று. பகலொளியை நம்பும் கலைஞர் அதற்கு ஆணையிட இயலாது. மேகம் நகரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பாஸ்டனின் குளிர்காலத்தில் ஒளி மெலிந்து, படத்தட்டு ஒளியேற்கும் நேரம் நீளும். அவ்வளவு நேரமும் எதிரில் அமர்ந்திருப்பவர் அசையாதிருக்க வேண்டும். அசையாதிருந்தும் உயிரோடு தோன்ற வேண்டும். ஆகவே அமர்ந்திருப்பவரோடு உரையாடி, அவர் தம்மை மறக்கும் தருணத்தை உணர்ந்து மூடியைத் திறப்பதே இத்தொழிலின் நுட்பமாகிறது. எதைப் பதிய விழைகிறோம் என்பதை முதலில் தெளிந்துகொண்டு, அது தோன்றும்போது பதிவு செய்ய வேண்டும் என்பதே காரோ தமக்குக் கற்பித்தது எனக் கார்ஷ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். மேற்கூரைச் சாளரம் வகுத்த ஒழுக்கமே சொல்வடிவம் பெற்று இப்பாடமாயிற்று எனக் கொள்ளலாம்.

படிமம் தாளில் ஏறும் முறையிலும் காரோ பழைய வழியினர். பிளாட்டினம், கோந்து, புரோமாயில் முதலிய அச்சுமுறைகளை அவர் கையாண்டார், மாணவருக்கும் கற்பித்தார். இவற்றுள் புரோமாயில் இங்குக் கருதத்தக்கது. வெள்ளி உப்பால் உருவான படிமத்தை வேதிப்பொருளால் வெளுக்கச் செய்து, ஈரமேறிய ஜெலட்டின் பரப்பின்மீது எண்ணெய் மையைத் தூரிகையால் ஒற்றி ஒற்றி உருவை மீண்டும் எழுப்பும் முறை அது. மை எங்கே அடர வேண்டும், எங்கே நழுவ வேண்டும் என்பதைக் கையே முடிவு செய்கிறது. இதனால் ஒரே நெகட்டிவிலிருந்து வரும் இரு படங்கள் ஒன்றுபோல் இரா. தோலின் நுண்கோடுகள் மங்கி, உருவம் கரித்தூள் ஓவியத்தின் மென்மையைப் பெறும். ஒளிப்படத்தை ஓவியத்துக்கு அணுக்கமாக்க முயன்ற ஒரு தலைமுறையின் அழகியல் இது.

மாலைநேரங்கள் மற்றொரு வகுப்பறையாயின. பிற்பகல் நான்கு மணியளவில் ஒளி குன்றியதும் படப்பிடிப்பு முடிந்துவிடும். இசைவாணரும் நடிகரும் எழுத்தாளரும் அங்கே கூடுவர். அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பிலிருந்த காலம் அது. விருந்தினருக்குப் பானம் ஊற்றித் தரும் பணி மாணவரான கார்ஷுக்கு வாய்த்தது! உலகில் தடம் பதித்தோரைப் படமெடுக்க வேண்டும் என்னும் வேட்கை அக்கூட்டங்களில்தான் தமக்குள் வேரூன்றியது என அவரே எழுதியுள்ளார். ஓவிய வகுப்புகளுக்குச் செல்லுமாறும் ரெம்பிராண்ட், வெலாஸ்கெஸ் போன்றோரின் படைப்புகளைப் பயிலுமாறும் காரோ அவரை ஊக்குவித்தார்.

1932இல் ஒட்டாவாவில் கார்ஷ் தமக்கென ஸ்டூடியோ தொடங்கினார். அந்நகரின் லிட்டில் தியேட்டர் நாடகக் குழுவோடு ஏற்பட்ட தொடர்பு அவருடைய வாழ்வில் இரு மாற்றங்களைக் கொணர்ந்தது. பின்னாளில் மனைவியான சொலாஞ்ச் கோத்தியேவை அவர் அங்குச் சந்தித்தார். மேடை ஒளியமைப்பையும் அங்குக் கண்டார். இயக்குநரின் விருப்பப்படி விளக்கு எரிந்தது, அணைந்தது, நடிகர் ஒருவரை மட்டும் இருளிலிருந்து பிரித்தெடுத்தது. வானத்தின் தயவில் தொழில் கற்ற ஒருவருக்கு இது எத்தகைய விடுதலையாகத் தோன்றியிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. அதன்பின் கார்ஷின் படங்களில் செயற்கை ஒளியே ஆட்சி செலுத்தியது. தலைக்குப் பின்னிருந்து வரும் ஒளி உருவத்தின் விளிம்பைத் தீட்டுகிறது. கைகளுக்குத் தனி ஒளி கிடைக்கிறது. எட்டுக்குப் பத்து அங்குல நெகட்டிவ் தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் காட்டிவிடுகிறது. புரோமாயில் மறைத்த அனைத்தும் இங்கே வெளிப்படுகின்றன.

இதனை மாணவர் ஆசிரியரைத் துறந்த கதையாகச் சொல்வது எளிது. தமிழ் இலக்கணிகள் நூல்களை வகைப்படுத்திய முறை இவ்விடத்தில் துணைசெய்கிறது. நன்னூலின் பாயிரம் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்று காட்டுகிறது. வழிநூலை அது வரையறுக்கும்போது, முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துச் செல்வதையும் பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டைச் சொல்வதையும் ஒருங்கே வைக்கிறது. ஒப்புமை முடிபில் இருக்க வேண்டும் என்பதே இங்கு நோக்கத்தக்கது; சொல்லிலோ நடையிலோ அன்று. இலக்கணநூலுக்கு வகுத்ததை ஒளிப்படத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மையே. எனினும் பின்பற்றலையும் வேறுபடலையும் எதிர்நிலைகளாக நிறுத்தாத ஒரு சிந்தனை இதில் கிடைக்கிறது. ஒளியின் மூலம், அச்சுமுறை, தோலின் தோற்றம் ஆகிய மூன்றிலும் காரோவிடமிருந்து விலகிய கார்ஷ், முடிபில் அவரோடு ஒத்திருக்கிறாரா என்பதே வினா.

1941 டிசம்பர் 30 அன்று எடுக்கப்பட்ட வின்ஸ்டன் சர்ச்சிலின் உருவப்படம் இவ்வினாவுக்கு மிகச் சிறந்த சோதனைக்களம். கனடிய நாடாளுமன்றத்தில் உரையாற்றிவிட்டுச் சபாநாயகரின் அறைக்குள் வந்த சர்ச்சிலுக்குப் படமெடுக்கும் ஏற்பாடு முன்கூட்டித் தெரிவிக்கப்பட்டிருக்கவில்லை. ஏற்கெனவே அமைத்து வைத்திருந்த விளக்குகளைக் கார்ஷ் எரியவிட்டபோது அவர் சினந்தார். பின் ஒரு படத்துக்கு மட்டும் இசைந்தார். வாயில் சுருட்டு இருந்தது. கார்ஷ் சாம்பற்கிண்ணத்தை நீட்டினார், பயனில்லை. காமிராவுக்குத் திரும்பி அனைத்தும் சரியாக உள்ளதை உறுதிசெய்துகொண்டு, மீண்டும் நெருங்கி, மன்னிப்புக் கேட்டவாறே சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அந்தச் சினமே போர்க்கால பிரித்தானியாவின் முகமாகப் பதிவாயிற்று.

இந்நிகழ்ச்சி பலமுறை சொல்லப்பட்டுத் தேய்ந்தது. சொல்லுவோர் சற்றே விரைந்து கடக்கும் மற்றொரு செய்தி உண்டு. சினம் தணிந்த சர்ச்சில் இன்னொரு படத்துக்கும் இசைந்தார். அதில் அவர் புன்னகைக்கிறார். அதே அறை, அதே காமிரா, அதே ஆடை. அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இவ்விரண்டில் ஒன்று உலகெங்கும் அச்சிடப்பட்டது. மற்றொன்றைப் பலர் பார்த்ததே இல்லை. கார்ஷின் பாணி விளக்குகளின் அமைப்பில் அடங்கியிருக்குமாயின் இரண்டும் ஏறத்தாழ ஒரே ஆற்றலைப் பெற்றிருக்க வேண்டும். அவ்வாறு இல்லை. முதற்படத்தை உருவாக்கியது தேவையானதைத் தெளிந்துகொண்டு தோன்றும்போது பதியும் காரோவின் பாடமே.

ஆனால் அப்பாடம் இங்கு உருமாறியுள்ளது என்பதை மறைக்கலாகாது. காரோ காத்திருந்தார், கார்ஷ் காத்திருந்து பார்த்து, வராததை வரவழைத்தார். விளக்கை ஆளக் கற்றவர் முகத்தையும் ஆளத் துணிந்தார் எனலாம். இதில் ஓர் இழப்பும் உண்டு. கார்ஷின் படங்களை வரிசையாகக் காணும்போது அரசியல்வாதி, அறிவியலாளர், எழுத்தாளர் எல்லோரும் ஒரே கல்லில் செதுக்கப்பட்ட சிலைகளாகத் தோன்றும் சலிப்பு நேர்கிறது. 1957இன் ஹெமிங்வே கம்பளிச் சட்டைக்குள் நினைவுச்சின்னமாகவே நிற்கிறார். கூச்சம் மிக்க மனிதராகவே தமக்கு அவர் தோன்றினார் எனக் கார்ஷ் எழுதியிருப்பதும், படத்தில் அக்கூச்சம் அரிதாகவே தென்படுவதும் சேர்த்து எண்ணத்தக்கவை. புகழை முன்கூட்டியே நம்பிவிடும் ஒளி அது. காரோவின் மென்னொளிக்கு இத்தகைய உறுதி இருக்க வழியில்லை. மேகம் ஒன்று அதனைக் கலைத்துவிடும்.

இன்று கார்ஷைப் பின்பற்றும் மாணவர் எடுக்கும் படங்களில் பெரும்பாலும் இச்சிலைத்தன்மையே எஞ்சுகிறது. உருவத்தின் பின்னே இருபுறமும் இரு விளக்குகள், முன்னே ஒன்று, கறுத்த பின்திரை, தாடையில் ஊன்றிய கை என்று அமைத்துவிட்டால் படம் கார்ஷைப் போலாகிறது. அமர்ந்திருப்பவர் நண்பராகவோ வகுப்புத்தோழராகவோ இருப்பார். அவரிடம் எதைத் தேடுகிறோம் என்னும் வினா எழாமலே விளக்கு எரிந்துவிடுகிறது. சலனமற்ற அவ்விளம் முகத்தின்மேல் முதிர்ந்த தலைவர்களுக்குரிய நிழல் விழும்போது படம் முகமூடிபோல் காட்சி தருகிறது. இக்குறை பயிற்சியின் போதாமையால் விளைவதென்பது சரியான விளக்கமாகாது. ஒளியமைப்பு துல்லியமாக இருக்கும் படங்களில்தான் அது மிகுந்து தெரிகிறது.

கார்ஷ் தம்முடைய முத்திரைகளையே கைவிட்ட ஒரு படமும் உண்டு. 1954இல் பிரான்சின் பிராத் ஊருக்கருகே, சேன் மிஷேல் த குக்சா மடாலயத்தில், நாடு துறந்து வாழ்ந்த செல்லோ இசைக்கலைஞர் பாப்லோ கசால்ஸைக் கார்ஷ் படமெடுத்தார். கசால்ஸ் வாசிக்கத் தொடங்கியதும் படமெடுப்பதையே சற்று மறந்துபோனதாகக் கார்ஷ் குறித்துள்ளார். படத்தில் அமர்ந்திருப்பவரின் முதுகே காணப்படுகிறது. தீட்டிய விளிம்பு கொண்ட முகமோ, ஒளியூட்டிய கைகளோ இல்லை. வெறுமையான கற்சுவர் பெரும்பகுதியை நிரப்புகிறது. அமர்ந்திருப்பவரின் தலைக்கு மிக மேலே, சுவரின் உயரத்தில், சிறு சாளரம் ஒன்று திறந்திருக்கிறது.