குடைவும் இழையும்: பார்பரா ஹெப்வொர்த்தின் கடற்கரை

‘வீட்டையும் பிள்ளையையும் வச்சுக்கிட்டு எப்படிங்க இதெல்லாம் செய்யிறீங்க?’ பெண் கலைஞர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. கேட்கிறவருக்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் கேள்விக்குள் ஒரு தராசு தொங்குகிறது. ஒரு தட்டில் பிள்ளை, மறு தட்டில் கலை, நடுவில் முள் ஆடாமல் நிற்கவேண்டும். தராசைப் பிடித்திருக்கிற கை மட்டும் எப்போதும் அவளுடையது. இந்தத் தராசு தாய்மையைப் பற்றியும் பொய் சொல்கிறது, கலையைப் பற்றியும் பொய் சொல்கிறது என்பது என் வாதம். அதைச் சொல்ல இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிற ஒரு விரிகுடாவையும், அதன் கரையில் நின்ற பெண்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

கார்ன்வாலில் செயிண்ட் ஐவ்ஸ் என்றொரு மீன்பிடி ஊர். சிறுமியாயிருந்த வர்ஜீனியா வுல்ஃபின் குடும்பம் 1894 வரை கோடையில் வந்து தங்கிய இடம். அங்கிருந்து பார்த்தால் காட்ரெவி கலங்கரை விளக்கம் தெரியும். 1927இல் வெளிவந்த அவருடைய ‘கலங்கரை விளக்கத்துக்கு’ நாவல் ஸ்காட்லாந்துத் தீவொன்றில் நடப்பதாகச் சொல்லிக்கொண்டாலும் அதிலுள்ள கடல் இந்த ஊர்க் கடல்தான். நாவலின் மையத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி எட்டுப் பிள்ளை பெற்ற திருமதி ராம்ஸே. இன்னொருத்தி கல்யாணம் செய்துகொள்ளாத ஓவியர் லில்லி பிரிஸ்கோ. தாயும் மகனும் சன்னலோரம் உட்கார்ந்திருப்பதை லில்லி ஓர் ஊதா முக்கோணமாகத் தீட்டுகிறாள். அந்தத் தாய் செத்துப் பல வருஷம் கழிந்த பிறகுதான் அவளுக்குப் படம் கைகூடுகிறது.

இந்தப் பிரதியின் அமைப்பைக் கவனியுங்கள். தாய் தீட்டப்படுகிறவள். தீட்டுகிறவள் தாய் இல்லை. இருவரையும் ஒரே உடம்பில் வைக்க நாவலுக்கு இடமில்லை. வுல்ஃபின் குறை என்று இதைச் சொல்லமாட்டேன். அவர் காலத்துப் பண்பாடு போட்டுவைத்திருந்த பிளவை அவர் ஒளிக்காமல் காட்டினார், அவ்வளவுதான். அந்தப் பிளவுதான் பின்னால் தராசாக வேஷம் மாறி நம்மிடம் வந்து நிற்கிறது.

1939 ஆகஸ்ட் கடைசியில், யுத்தம் தொடங்கச் சில நாட்களே இருக்கையில், அதே விரிகுடாவுக்குச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் வந்து சேர்ந்தார். கூடவே கணவர், ஓவியர் பென் நிக்கல்சன். 1934 அக்டோபரில் ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கு அப்போது ஐந்து வயது நிரம்பவில்லை. முதல் மணத்தில் 1929இல் பிறந்த பால் என்ற மகனும் உண்டு. முதலில் பக்கத்துக் கார்பிஸ் விரிகுடாவில் ஓவியர் மார்கரெட் மெல்லிஸ், எழுத்தாளர் ஆட்ரியன் ஸ்டோக்ஸ் தம்பதியின் வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். பிறகு அதே ஊரில் வாடகை வீடு. அடுத்த மூன்று வருஷம் ஹெப்வொர்த்துக்குக் கல் செதுக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. பகலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார், சாப்பாட்டுக்குத் தோட்டத்தில் காய்கறி போட்டார். ராத்திரி பிள்ளைகள் தூங்கினபிறகு வரைந்தார், சாந்தில் சின்னச் சின்ன மாதிரிகள் செய்தார்.

1940இல் அப்படிப் பிறந்த ஒரு வரிசைக்கு ‘நிறத்தோடு சிற்பம்’ என்று பெயர். ஒரு கையில் தூக்கிவிடலாம், அத்தனை சின்னது. வெளியே வெள்ளை முட்டை வடிவம். ஒரு பக்கம் குடைந்து உள்ளே ஆழ்ந்த நீலம். குடைவின் விளிம்பிலிருந்து விளிம்புக்குச் சிவப்பு இழைகள். விமர்சகர்கள் இதை ரஷ்யச் சிற்பி நாம் காபோவின் பாதிப்பு என்பார்கள். காபோவும் யுத்தகாலத்தில் கார்பிஸ் விரிகுடாவில்தான் இருந்தார், பாதிப்பை மறுக்க வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. இந்தப் பொருள் ஏன் இந்த அளவில் இருக்கிறது? ஏன் சாந்து? நாலுமணி நேரம் தொடர்ந்து உளி பிடிக்க முடிந்தவள் இதையா முதலில் செய்திருப்பாள்? இங்கே அளவு என்பது பாணி இல்லை, மிச்சமான நேரத்தின் அளவு. நேரமே ஊடகமாகிவிட்டது.

இதை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தவர்களாவோம். குடைவுக்குள் நிறம், அதன்மேல் இழை என்ற கண்டுபிடிப்பு அந்தக் குறுகின நேரத்தில்தான் உறுதிப்பட்டது. நிறம் தனக்கு நீரின், குகையின் ஆழம் என்றும், இழைகள் தனக்கும் கடலுக்கும் காற்றுக்கும் குன்றுக்கும் இடையிலே தான் உணர்ந்த இழுவிசை என்றும் அவரே பின்னால் விளக்கினார். 1942இல் பெரிய வீடு கிடைத்து மறுபடி மரத்தில் செதுக்க ஆரம்பித்தபோது இந்தக் கண்டுபிடிப்பு பெரிதாகிறது. ‘அலை’ (1943–44), ‘பெலாகோஸ்’ (1946) இரண்டையும் சொல்லலாம். பெலாகோஸ் என்றால் கிரேக்கத்தில் கடல். விரிகுடாவை இரண்டு பக்கமும் நிலம் கைநீட்டி அணைத்திருப்பதைப் பார்த்துப் பிறந்தது அது. எல்ம் மரம் அலைபோலச் சுருண்டு தன்னையே சுற்றிக்கொள்கிறது, சுருளின் இரு முனைகளை இழைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன.

அணைக்கிற கையா, அலையா? இரண்டும்தான். திணைக் கோட்பாடு பழகின நமக்கு இது புரியாத விஷயமில்லை. நிலம் என்பது கண்ணுக்கு எதிரே விரிந்த காட்சி அல்ல, அங்கே நடக்கிற ஒழுக்கம். ஆனால் நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், அங்கே பெண்ணுக்குக் கொடுத்த வேலை காத்திருப்பது. ஹெப்வொர்த்தின் கரையில் காத்திருக்க நேரம் கிடையாது. கடலைப் பார்ப்பவளும் பிள்ளையை எழுப்பிச் சோறு போடுகிறவளும் ஒருத்தியே என்பதால் கடல் அங்கே தூரத்துப் படமாக நிற்காமல் இழுவிசையாக மாறுகிறது.

சரி, அப்படியானால் தாய்மை கலையை வளர்க்கும் என்று ஒரு மங்களம் பாடிவிடலாமா? ஹெப்வொர்த்தே ஏறக்குறைய அப்படி எழுதியிருக்கிறார். சமைப்பதாலோ பிள்ளை பெறுவதாலோ, மூன்றுக்கும் சேர்ந்து அம்மை வந்து பார்த்துக்கொள்வதாலோ பெண் கலைஞருக்கு நஷ்டமில்லை, அந்த வாழ்க்கை ஊட்டமே தரும் என்பது அவர் சொன்னதன் சாரம். எல்லோரும் இதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். அதோடு ஒட்டி ஒரு நிபந்தனை வைத்தார்: ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது, அரைமணி நேரமாவது வேலை நடக்கவேண்டும். இதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். அந்த அரைமணி எங்கிருந்து வரும்? வானத்திலிருந்தா விழும்? பிறந்த புதிதில் மூன்று குழந்தைகளும் லண்டனில் ஒரு செவிலியர் பயிற்சிக் கல்லூரியின் பராமரிப்பில் விடப்பட்டன. வீட்டில் கூலிக்கு உதவியாள் இருந்த காலமும் உண்டு. பிள்ளைகளின் தகப்பனோ முப்பதுகளில் முதல் மனைவியையும் அந்த மணத்தின் மூன்று பிள்ளைகளையும் பார்க்க பாரிசுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர். ஒரு பெண்ணின் அரைமணி பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் உழைப்பு. கலை வரலாறு அந்த இன்னொருத்தியின் பெயரை எழுதி வைப்பதில்லை. வர்க்கத்தைப் பேசாமல் தாய்மையைப் பேசுவது சும்மா கதை.

விமர்சனம் இதில் ஆடுகிற இரட்டை வேஷத்தையும் சொல்லவேண்டும். ஹென்றி மூர் 1943–44இல் நார்தாம்ப்டன் தேவாலயத்துக்குத் தாயும் சேயும் செதுக்கினார். அவருக்கு மகள் பிறந்தது 1946இல். அவரிடம் யாரும் போய் ‘வீட்டை எப்படிச் சமாளிக்கிறீங்க’ என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் செய்தால் அது மானுடப் பொதுமை. ஹெப்வொர்த் 1935இல் பளிங்கில் ‘மூன்று உருவங்கள்’ செய்தால் உடனே மூணு பிள்ளை, மூணு கல் என்று கணக்குச் சரிபார்க்கிறோம். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவர் செய்கை உருவத்தை விட்டு வடிவங்களுக்கு இடையிலான உறவு, தூரம், எடை என்று நகர்ந்தது உண்மை. ஆனால் அதைக் குடும்பப் புகைப்படமாகச் சுருக்குவது, தாய்மையைச் சிந்தனையாக ஒப்புக்கொள்ளாதவர்கள் செய்கிற வேலை. அதற்கு எதிர்முனையில், பிள்ளைகளை ஒரு வரியில் தள்ளிவிட்டுத் தூய வடிவம் பேசும் விமர்சனமும் அதே பிளவைத்தான் காப்பாற்றுகிறது.

1953இல் பால், விமானப்படையில் இருந்தபோது தாய்லாந்தின் மேலே விமான விபத்தில் இறந்தார். மறுவருஷம் ஹெப்வொர்த் செயிண்ட் ஐவ்ஸ் ஊர்த் தேவாலயத்துக்கு ஒரு தாயும் சேயும் செதுக்கிக் கொடுத்தார். அருவத்தில் அவ்வளவு தூரம் போனவர் இங்கே முகத்தோடு, கையோடு திரும்பிவருகிறார். அதைப் பின்னடைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த வடிவம் எப்போது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த இழப்பை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது?

1964இல் நியூயார்க்கில் ஐ.நா. சபை முன்னால் அவருடைய ‘ஒற்றை உருவம்’ நிறுவப்பட்டது. வெண்கலம், சுமார் 21 அடி. ஒரு கையில் அடங்கிய சாந்து முட்டையிலிருந்து அங்கே போக 24 வருஷம். புகழும் பணமும் பெரிய பட்டறையும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் அந்த வெண்கலத்தில் மேலே ஒரு வட்டத் துளை இருக்கிறது, அதன் வழியே வானம் தெரிகிறது. 1940இன் குடைவைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் துளை புதிதல்ல. பெரியதை மகத்துவமென்றும் சின்னதை இடைக்கால ஏற்பாடென்றும் பிரித்து எழுதுகிற வரலாற்றைத்தான் நாம் திருப்பி வாசிக்கவேண்டியிருக்கிறது. ஒரு படைப்பின் முன் நிற்கும்போது அதன் அளவைக் குறித்துக்கொள்வதோடு, அது எந்த நேரத்தில், யார் தூங்கினபிறகு, யாருடைய உழைப்பின்மேல் செய்யப்பட்டது என்றும் கேட்டாகவேண்டும். பெண்களிடம் மட்டுமல்ல, ஆண் சிற்பிகளின் பெரிய பெரிய கற்களிடமும்.