பெஞ்சமின் பிரிட்டனின் 'ரிஜாய்ஸ் இன் த லாம்': பதிப்பும் இசையும்

திருச்சபைப் பாடல்களைப் பெரும்பாலும் அவற்றின் இசைநயம் கொண்டே மதிப்பிடுகிறோம். சொற்கள் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டன, யார் வாயில் வைக்கப்பட்டன என்னும் வினாக்கள் பின்தங்கிவிடுகின்றன. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1943இல் படைத்த 'ரிஜாய்ஸ் இன் த லாம்' இவ்வினாக்களைத் தவிர்க்கவியலாதவை ஆக்குகிறது.

நார்தாம்ப்டன் நகரின் தூய மத்தேயு ஆலயத்தின் 50ஆம் ஆண்டு நிறைவுக்காக, அவ்வாலயக் குருவானவர் வால்டர் ஹஸ்ஸியின் வேண்டுகோளின்படி, பாடகர் குழுவுக்கும் ஆர்கனுக்குமாக இது இயற்றப்பட்டது. ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்குரிய இப்படைப்பின் சொற்களோ மனநோய் விடுதியில் பிறந்தவை. கிறிஸ்டஃபர் ஸ்மார்ட் (1722–1771) அங்கு அடைபட்டிருந்த காலத்தில், 1759க்கும் 1763க்கும் இடையில் எழுதிய 'ஜூபிலாட்டே அக்னோ' என்னும் நெடும்பாடலிலிருந்து அவை எடுக்கப்பட்டன. அப்பாடல் 1939இல்தான் முதன்முதலாக அச்சேறியது.

பத்துச் சிறு பகுதிகளாலான இப்படைப்பு, பூனையும் எலியும் மலர்களும் இறைவனைத் துதிக்கும் இனிய பாடல் என்றே பலராலும் போற்றப்படுகிறது. பூனையின் நெளிவையும் எலியின் துடிப்பையும் ஆர்கன் வரைந்து காட்டும் திறன் இக்கருத்துக்கு இடமளிக்கிறது. எனினும் ஏழாம் பகுதியைக் கருதாத மதிப்பீடு முழுமையாகாது. பித்தன் எனப் பழிக்கப்பட்டு, காவலரால் அலைக்கழிக்கப்பட்ட கவிஞரின் துயரம் அங்கே வெளிப்படுகிறது. இயேசுவின் மீதும் இதே பழி சுமத்தப்பட்டதை அவர் நினைவுகூர்கிறார்.

பூனை, எலி, மலர் ஆகிய மூன்றையும் தனிக்குரல்களுக்கு அளித்த பிரிட்டன், தனிமனிதனின் இத்துயரை மட்டும் குழு முழுவதற்கும் அளித்திருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. விலக்கப்பட்டவனின் 'நான்' வழிபடும் சபையின் 'நான்' ஆகிவிடுகிறது. துன்புற்றவனைக் குறித்து இரங்கிப் பாடுவது வேறு. அவனாகவே நின்று பாடுவது வேறு. இப்படைப்பு இரண்டாவதைச் செய்கிறது.

பதிப்பியல் நோக்கில் இதற்கு மேலும் ஒரு பொருள் உண்டு. மூலத்தில் துதிக்க அழைக்கும் வரிகளும் கவிஞர் தம்மைப் பற்றிக் கூறும் வரிகளும் தனித்தனி ஏடுகளில் உள்ளன. இவை எதிரெதிரே இணைந்து வருமாறு அமைந்தவை என்பதை டபிள்யூ. எச். பாண்ட் 1954ஆம் ஆண்டுப் பதிப்பில் நிறுவினார். துயர வரிகள் ஒவ்வொன்றுக்கும் இணையாக ஓர் அழைப்பு வரி அங்குண்டு. 1943இல் பிரிட்டன் இவ்விணைப்பை அறிய வழியில்லை. ஆதலால் அவ்வழைப்பு வரிகள் அவர் படைப்பில் இடம்பெறவில்லை. இது இழப்பே. ஆயினும் பதிப்பு பிரித்துவைத்த தனிமனிதனையும் சபையையும் குரல் பங்கீட்டின் வழியே அவர் ஒன்றாக்கியுள்ளார்.

இறுதியில் அல்லேலூயா ஆரவாரமின்றி மெல்லவே ஒலித்து அடங்குகிறது. ஏழாம் பகுதியைக் கேட்ட செவிக்கு அந்த அடக்கத்தின் காரணம் விளங்கும்.