ஸ்டுடியோ கேமராவை எப்படி ரசிப்பது?

புதுக் கேமரா கைக்கு வந்ததும் ஒரு பூவையோ முகத்தையோ படம்பிடித்து, பெரிதாக்கி, கூர்மை எப்படி என்று பார்ப்பதுதான் பலரின் வழக்கம். ஸ்டுடியோ கேமராவை அப்படி அளந்தால் அதன் அருமை பிடிபடாது. அது தனியாக வேலை செய்யப் பிறந்ததல்ல. எந்தக் கேமராவின் படம் போக வேண்டும் என்று மாற்றித் தரும் ஸ்விட்சரில் இருப்பவர், பக்கத்துக் கேமரா, எதிரே பேசுபவர் என்று எல்லோரோடும் சேர்ந்து உழைப்பதுதான் அதன் பிழைப்பு. அந்தக் கூட்டு உழைப்பைக் கவனிக்கப் பழகினால் ரசனை தானாக வரும்.

பழக நல்ல உதாரணம், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் ஸ்டுடியோ கேமரா 4கே பிளஸ். 2021-ல் அறிமுகமானபோது விலை 1,295 டாலர். டி.வி. நிலையங்களின் பெரிய ஸ்டுடியோக்களில் லென்ஸ் ஒன்றே ஒரு காரின் விலையைத் தாண்டும். கேமராவைக் கட்டுப்படுத்தும் கருவிக்குத் தனிச் செலவு. அந்த வேலைமுறையின் பெரும்பகுதியைச் சிறிய குழுக்களும் வாங்கக்கூடிய விலைக்கு இறக்கியதுதான் இந்தக் கேமராவின் சிறப்பு.

திரையிலிருந்து தொடங்குங்கள்

பின்பக்கம் 7 அங்குலத் தொடுதிரை. நேரலையில் மணிக்கணக்கில் நிற்பவர் சின்னத் துவாரத்தில் கண்ணைப் பதித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் இந்த அளவு. ஒருவரை எதிரே உட்கார வைத்து ஃபோகஸ் பீக்கிங்கைப் போடுங்கள். ஃபோகஸ் விழும் ஓரங்களில் வண்ணக் கோடு தெரியும். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பினால் கோடு மூக்கு நுனியில் தொடங்கி, இமைக்கு வந்து, காதுக்கு நகரும். இமையில் நிற்கும்போது கையை நிறுத்துங்கள்.

அடுத்து ஸீப்ரா. வெளிச்சம் அதிகமான இடங்களில் சாய்ந்த கோடுகள் ஓடும். பட்டுப்புடவையின் ஜரிகையில் மட்டும் கோடு மின்னினால் கவலையில்லை. கன்னத்திலும் நெற்றியிலும் ஓடினால் ஐரிஸைக் குறையுங்கள்.

லென்ஸைச் சோதியுங்கள்

இதில் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்ட். 25 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கே காட்சியைக் காட்டும். ஸ்டுடியோ லென்ஸுக்கு முக்கியமான பரீட்சை ஒன்று உண்டு. முழுக்க ஜூம் செய்து கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். பிறகு மெல்ல அகலமாக்கிக்கொண்டே வாருங்கள். பெரிய ஸ்டுடியோ லென்ஸில் ஃபோகஸ் அசையாது. புகைப்படத்துக்கான ஜூம் லென்ஸ்களில் பல வழுக்கிவிடும். வழுக்கினால், நேரலையில் ஓடும்போது ஜூம் செய்வதைத் தவிர்த்து, இன்னொரு கேமராவுக்கு மாறிய பிறகு அளவை மாற்றுங்கள்.

சிவப்பும் பச்சையும்

இந்தக் கேமராவை ரசிக்க வேண்டிய உச்ச இடம் டாலி விளக்கு. ஏடெம் மினி போன்ற அதே நிறுவனத்து ஸ்விட்சரோடு இணைத்தால், படம் போகும் ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டாலி சிக்னலும் கட்டுப்பாடும் திரும்பி வரும். அடுத்து உங்கள் ஷாட் என்றால் பச்சை. நேரலையில் இருந்தால் சிவப்பு. பச்சை வந்ததும் ஃபிரேமை நிலைநிறுத்துங்கள். சிவப்பில் தேவையற்ற அசைவு கூடாது. இரண்டும் இல்லாத நேரமே அடுத்த ஷாட்டைத் தேடும் நேரம். பேசுபவரையும் கவனியுங்கள்: எங்கே பார்ப்பது என்ற தயக்கம் போய், அவர் பார்வை சிவப்பு எரியும் பக்கம் இயல்பாகத் திரும்பும்.

நிறமும் இப்படித்தான். இரண்டு கேமராக்களை ஒரே வெள்ளைச் சட்டைமீது திருப்பி, ஸ்விட்சரிலிருந்தே நிழல், நடுத்தொனி, பிரகாசம் மூன்றையும் சரிசெய்யுங்கள். மாறி மாறி கட் செய்யும்போது சட்டையின் வெள்ளை மாறாமல் இருந்தால் வேலை முடிந்தது.

எல்லைகளையும் அறியுங்கள்

ஐ.எஸ்.ஓ. 25,600 வரை போகும். ஆனால் அதை ஏற்றிக்கொண்டே கறுப்புத் திரைச்சீலையைப் படம்பிடித்துப் பாருங்கள். புள்ளிகள் எங்கே கண்ணை உறுத்தத் தொடங்குகின்றனவோ அதுவே உங்கள் வரம்பு. நெருக்கமான கட்டம்போட்ட சட்டையில் அலைகள் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். பதிவு செய்ய யுஎஸ்பி வழியாக வெளி டிஸ்க் இணைக்க வேண்டும்.

பெரிய மண்டபத்தில் கேபிள் தூரம் போக வேண்டுமென்றால் பிளஸ் போதாது. ஹெச்டிஎம்ஐ நீளத்துக்கு ஒத்துழைக்காது. யாராவது கால் இடறினால் கழன்றும் விடும். அங்கே அறிமுக விலை 1,795 டாலரான புரோ மாடல் பொருத்தம். பூட்டிக்கொள்ளும் எஸ்டிஐ இணைப்பு, எக்ஸ்எல்ஆர் மைக் இணைப்பு, கன்ட்ரோல் ரூமோடு பேச டாக்பேக் எல்லாம் அதில் உண்டு.

வாங்குமுன் ஒரு ஒத்திகை நடத்துங்கள். ஒருவர் கேமராவில் நிற்கட்டும், ஒருவர் ஸ்விட்சரில் உட்காரட்டும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பச்சை எரிந்த ஓரிரு நொடியில் ஃபிரேம் நிலைகொள்வது ஸ்விட்சரில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும். அதை உணர்ந்த குழுவின் கையில் இந்தக் கேமரா கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும்.