லொகேஷன் என்றால் எந்த இடம்?

தென்னாப்பிரிக்காவில் போக்குவரத்து விளக்குக்கு 'ரோபோ' என்று பெயர். 'ரோபோவில் இடப்பக்கம் திரும்பு' என்றால் வெளியூர்க்காரன் திருதிருவென்று முழிப்பான். 'ஜஸ்ட் நௌ வருகிறேன்' என்றால் அங்கே 'அப்புறமா வாரேன்' என்று பொருள், வராமலும் போகலாம். ஆங்கிலம் ஊருக்கு ஊர் மாறுவதைப் பேசுகிறவர்கள் இதோடு சிரித்துவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். அகராதிக்காரரும் 'தெ.ஆ. வழக்கு' என்று சாய்வெழுத்தில் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். அந்தச் சாய்வெழுத்து எதையெல்லாம் மூடி வைக்கிறது என்பதுதான் கேள்வி.

'லொகேஷன்' நம் சினிமாக்காரருக்குப் பாட்டு எடுக்கத் தோதான அழகான இடம். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் அது நகரத்துக்கு வெளியே கறுப்பர்களை ஒதுக்கி வைத்த குடியிருப்பு. 1923ஆம் ஆண்டின் நகர்ப்பகுதிச் சட்டம் இப்படி ஒதுக்க வழி செய்தது. சட்டமே எழுதிவைத்த பெயர் அது. ('சேரி' நம்மிடம் அடைந்த கதியையும் நினைத்துக்கொள்ளலாம். தமிழ் எம்.ஏ. வகுப்பில் இழிபொருட்பேறு என்று 'நாற்ற'த்தை உதாரணம் காட்டுவார்கள், ஏதோ சொல் தானாக அழுகிப்போன மாதிரி.) இன்று அங்குள்ள இளைஞர்கள் ஆஃப்ரிகான்ஸ் 'லொகாசி'யின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு 'காசி', 'எங்க காசி' என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

'கலர்ட்' இன்னும் சிக்கல். அமெரிக்காவில் அது ஒருகாலத்தில் கறுப்பர் எல்லாரையும் குறித்தது. அவர்களின் உரிமைக்காக 1909இல் தொடங்கிய சங்கத்தின் பெயரில் இன்னமும் இருக்கிறது. ஆனால் ஒருவரை நேரில் அப்படிக் கூப்பிட்டால் அவமதிப்பு. தென்னாப்பிரிக்காவிலோ கறுப்பரிலும் சேராத, வெள்ளையரிலும் சேராத தனிப்பிரிவு. 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் அதைக் கட்டமைத்தது. தலைமுடியில் பென்சிலைச் செருகி, நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்து இனத்தைத் தீர்மானித்த கூத்தெல்லாம் நடந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு இனமாகப் பதிவானார்கள். சட்டம் 1991இல் போனது, சொல் போகவில்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அந்தக் கட்டம் இருக்கிறது, தங்களை அப்படியே சொல்லிக்கொள்கிறவர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

நம்மூரிலிருந்து போன சொல்லும் ஒன்றுண்டு. 'கூலி' தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பாருண்டு, 'கோலி' என்ற சாதிப்பெயர்தான் மூலம் என்பாருமுண்டு. தமிழில் கூலி என்பது வேலைக்குக் கொடுக்கிற காசு. ஆங்கிலத்தில் காசு போய் ஆளே கூலியாகிவிட்டான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் போய் இறங்கிய 342 பேருக்கும் அதுதான் பெயர். பின்னால் போன காந்திக்குக்கூட 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் பெயர். அங்கே அது இன்றும் வசை. இங்கே 2025இல் ரஜினி படத்துக்குத் தலைப்பு.

மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அலெக்ஸ் லா கூமாவின் கேப்டவுன் மனிதர்களைத் தமிழில் 'கறுப்பர்' என்று எழுதினால் சட்டம் போட்ட கோடு பிரதியிலிருந்து காணாமல் போகிறது. 'கலப்பினத்தார்' என்றாலோ பதிவு அதிகாரியின் குரலில் நாமும் பேச ஆரம்பித்துவிடுகிறோம். 'கலர்ட்' என்றே விட்டுவிடலாம் என்பேன். வாசகர் அந்த இடத்தில் தடுக்கட்டும், பரவாயில்லை. அடிக்குறிப்பில் 1950 என்ற ஆண்டையும் சட்டத்தின் பெயரையும் போட்டால் போதும்.